ஏழாம் தூண் ஓரத்துக் கல்

1

நான் மதுரையை விட்டுக் கிளம்பிய தேதி எனக்கே சில வருடங்களில் மறந்துபோகும். என் கல்லூரி நண்பன் சாதிக்குக்கு மறக்காது. வருடா வருடம் அன்று காலை தவறாமல் ஒரே கேள்வியை அனுப்புவான்: "என்ன மாப்ள, போன வேலை முடிஞ்சிருச்சா?" நானும் "இன்னும் கொஞ்சம் கெடக்குடா" என்று பதில் போடுவேன். முதலில் கடிதத்தில் வந்தது, பிறகு மின்னஞ்சலில், இப்போது வாட்ஸ்அப்பில். இருபத்து மூன்று வருடமாக இது நடக்கிறது.

இந்த வருடம் கேள்வி வரவில்லை, ஒரு படம் வந்தது. ஜெர்மனியில் பிரெமன் நகரத்தில், அலுவலகம் போகும் டிராமில் நின்றுகொண்டே திறந்து பார்த்தேன். முட்டை மார்க்கெட்டின் உள்பக்கம். கூரைக்கு வெள்ளையடித்திருந்தார்கள். கூரையில் பதித்த கண்ணாடி வட்டங்களைத் துடைத்திருந்தார்கள், வெளிச்சம் தட்டுத் தட்டாகத் தரையில் விழுந்திருந்தது. நாற்பது ஐம்பது பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெண் பறையோடு நின்றாள். ஓரத்தில் புத்தக அலமாரிகள். கீழே சாதிக் எழுதியிருந்தது இரண்டே வார்த்தை: "தொறந்தாச்சு மாப்ள."

ஒளிக்காமல் எழுதுகிறேன், சந்தோஷம் வரவில்லை. வயிறு எரிந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.

2

முட்டை மார்க்கெட்டில் முட்டை மட்டும் கிடைக்காது. காளவாசலுக்குப் போகிற வழியில், நகராட்சி அந்தக் காலத்தில் கட்டிய காய்கறிச் சந்தை அது. நீள்வட்டமான இடம், சுற்றி வரிசையாகத் தூண்கள், மேலே ஒரே வளைவாகக் கான்கிரீட் கூரை. பாதி முட்டையைக் கவிழ்த்தது மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பெயர். வெளியூரில் இருந்து வருகிறவர்கள் பெயரை நம்பி முட்டை கேட்டுவிட்டு அசடு வழிவார்கள். அந்த நாளில் அதை அழகு என்று சொன்னவர் யாரும் கிடையாது. வெயிலுக்கு நல்லது, மழைக்கு ஒழுகும், அவ்வளவுதான் அதைப் பற்றி எங்கள் அபிப்பிராயம்.

என் அய்யா திருமங்கலம் பக்கத்துச் சம்சாரி. விவசாயம் கைகொடுக்காமல் மதுரைக்கு வந்து, அங்கே சின்ன வெங்காய மண்டி போட்டார். ஏழாம் தூணில் எங்கள் கடை. நேர் எதிரே அந்தக் கோடியில், இருபத்திரண்டாம் தூணில் சாதிக்கின் அத்தா கடை. அவர்களும் சின்ன வெங்காயம்தான். அவர்கள் மூன்று தலைமுறையாக அந்தத் தொழிலில் இருந்தவர்கள், நாங்கள் நேற்று வந்தவர்கள். கடைகளுக்குள் போட்டி இருந்தது. சாதிக்கும் நானும் ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சு.

நான் ஜெர்மனிக்கு வந்த சில வருடங்களில் சந்தையைப் புறநகருக்கு மாற்றினார்கள். முட்டை மார்க்கெட்டைப் பூட்டினார்கள். வௌவால் குடியேறியது. உடைந்த குப்பைத்தொட்டிகளையும் ஓடாத வண்டிகளையும் கொண்டுபோய் உள்ளே தள்ளினார்கள். இடித்துவிட்டு அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டப்போவதாகச் சாதிக் ஒருமுறை போனில் சொன்னான்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? பிரெமனில் எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு பழைய சரக்குக் கொட்டகை இருக்கிறது. அதை நாடகக் கூடமாகவும் படிப்பகமாகவும் மாற்றி வைத்திருக்கிறார்கள். போனைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிக் காட்டினேன். "பாருடா, ஒரு செங்கல்ல கைவைக்கல. நம்ம ஊருல நடக்குமா இது? இடிக்கிறதுக்கு மட்டும் முந்திக்கிட்டு வருவாய்ங்க" என்றேன். "ஆமா மாப்ள" என்றான் அவன். அதற்குப் பிறகும் வருடத்துக்கு ஒருமுறையாவது அந்தக் கொட்டகையைக் காட்டி நம்ம ஊருல நடக்குமா என்று கேட்டிருப்பேன். அவனும் ஒவ்வொரு முறையும் ஆமா மாப்ள என்றான்.

ஆமா என்று சொல்லிக்கொண்டே அவன் வேலையைப் பார்த்திருக்கிறான். பழைய கடைக்காரர்களைத் திரட்டி மனு கொடுத்து, கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகளை அழைத்து வந்து வரைபடம் போடவைத்து, நடையாக நடந்து, சாதித்தும்விட்டான். வெளியூரில் இருக்கிறவனுக்கு இரண்டு ஆறுதல் வேண்டும். ஊர் நன்றாக இருந்தது என்று ஒன்று, இனி உருப்படாது என்று ஒன்று. இரண்டாவது இல்லாவிட்டால் கிளம்பி வந்ததற்கு என்ன நியாயம் சொல்வது? அதை அவன் என்னிடமிருந்து பிடுங்கிவிட்டான்.

3

இதோடு விட்டிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டான்.

கயல் பிறந்தது பிரெமனில். இங்கே அவள் பெயரைக் கைல் என்று கடித்துத்தான் கூப்பிடுவார்கள், அவளும் திருத்தியதில்லை. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன், வயிற்றுவலி என்று திரும்பி வந்துவிடுவாள். எங்கள் பிள்ளைகள் கையைவிட்டுப் போகிறார்கள் என்று இங்கிருந்து எழுதாத ஆள் கிடையாது, நானும் இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

அவள் படித்தது கட்டடங்களுக்குள் ஒலி எப்படி நடந்துகொள்கிறது என்ற படிப்பு. ஆறு மாதம் ஏதாவது ஓரிடத்தில் வேலை பார்க்க வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சாதிக்குக்கு எழுதி, முட்டை மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். தங்குவது அவன் வீட்டில்.

மூன்றாம் மாதம் போனில் பேசினாள். "அப்பா, இப்பப் பேச முடியாதுப்பா. மாமி பரோட்டா போடுறாங்க. அப்புறமா கூப்புடுவேன், இன்ஷா அல்லா" என்றாள். தமிழ்! அதுவும் இழுத்து, நீட்டி, நம்ம ஊர்க்காரி மாதிரி. போனை வைத்துவிட்டு என் மனைவி செல்வியிடம், "இருபது வருசம் நான் தலைகீழா நின்னேன், மூணு மாசத்துல அவன் பேச வச்சுட்டான்" என்றேன். "நல்லதுதானே, அதுக்கு ஏன் மூஞ்சி இப்பிடிப் போகுது?" என்று கேட்டாள் செல்வி. பிள்ளை கையைவிட்டுப் போவது ஒரு துக்கம். நாம் விட்டு வந்த ஊருக்கே நம்மை விட்டுவிட்டுப் போவதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வார விடுப்புப் போட்டேன். "கயலைப் பாத்துட்டு வாரேன்" என்று செல்வியிடம் சொன்னேன்.

4

விமானத்தில் ஏறியதும் என்னிடம் மிச்சம் இருக்கிற ஒன்றைப் பற்றி யோசித்தேன். அதை இங்கே முதல் தடவையாக எழுதுகிறேன்.

ஏழாம் தூண் ஓரத்தில், தராசுக்குப் பக்கத்தில், அய்யா உட்காருகிற ஒரு கல் உண்டு. முழங்கால் உயரத்தில் ஒரு கருங்கல். கடை போட்ட இரண்டாவது மாதம் அய்யா ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்தக் கல்லில் உட்கார்ந்து தலையைத் தூணுக்கு ஒரு சாண் தள்ளி வைத்தால், இருபத்திரண்டாம் தூணில் பேசுவது கூரை வழியாக வந்து காதுக்குள் விழும். நடுவில் நிற்கிறவனுக்குக் கேட்காது. ஒரு அடி நகர்ந்தால் நமக்கும் கேட்காது. காலையில் லாரி வந்து கூட்டம் சேர்வதற்கு முன், சாதிக்கின் அத்தா அன்றைய விலையைத் தன் ஆட்களிடம் மெதுவாகச் சொல்வார். அய்யா அதைக் கேட்டுவிட்டு ஒரு பொட்டுக் குறைவாகக் கடையைத் திறப்பார். சில்லறைக்காரர்கள் எங்கள் பக்கம் வந்தார்கள்.

"யார்ட்டயும் மூச்சு விட்றாத" என்று அய்யா என்னிடம் சொன்னார். நானும் விடவில்லை. நான் கல்லூரிக்குப் போகும் முன் காலையில் அந்தக் கல்லில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஆனையூரில் நாங்கள் வீடு கட்டினோம். நான் கம்ப்யூட்டர் படித்து முடித்தேன். சாதிக் இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டான். அத்தாவுக்கு வியாபாரம் படுத்துவிட்டது, கடைக்கு ஆள் வைக்க முடியவில்லை, அவனே வந்து உட்கார்ந்தான்.

நியாயப்படி வயிறு எரிய வேண்டியது அவனுக்கு. ஆனால் எரிவது எனக்குத்தான். அய்யாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கல்லின் ரகசியம் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதுதான் மதுரையில் எனக்கு மிச்சம் இருந்த ஒரே சொத்து. ஆனையூர் வீட்டைக்கூட விற்றாயிற்று.

5

முட்டை மார்க்கெட் வாசலில் ஒரு மேசை போட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். படிப்பகத்துக்குள் போவதற்கு உறுப்பினர் அட்டை வேண்டும் என்றார்.

"எனக்கு இந்த ஊருதாம்மா."

"சரிங்க சார். ஆதார் இருக்கா? ரேசன் கார்டு? கரண்டு பில்லு?"

எதுவும் இல்லை. என் ஜெர்மன் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அதன் மேலட்டை நிறத்தைப் பார்த்துவிட்டு, "வெளிநாட்டுக்காரங்களுக்கு உள்ளூருல ஒருத்தர் கையெழுத்துப் போடணும் சார்" என்றார். பிரெமனில் வந்திறங்கிய புதிதில் முகவரிச் சான்று இல்லாமல் வீடு கிடைக்காது, வீடு இல்லாமல் முகவரிச் சான்று கிடைக்காது என்று அலையவிட்டார்கள். அங்கே கோபம் வரவில்லை, அந்நிய ஊர். இங்கே வந்தது.

அப்போது உள்ளே இருந்து கயல் வந்தாள். கழுத்தில் நாடா கட்டிய அட்டை. வரிசை எண் பத்துக்குள். பிறந்ததும் வளர்ந்ததும் ஜெர்மனி, முகவரி மட்டும் சாதிக் வீடு. "அக்கா, இது எங்கப்பா. நான் கையெழுத்துப் போடுறேன்" என்றாள். என் மகளின் விருந்தாளியாக நான் முட்டை மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன்.

சாதிக் தலை முழுக்க நரைத்திருந்தான். காளவாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், காலையும் மாலையும் இங்கே. இடுப்பில் சாவிக்கொத்து. "வாடா ஜெர்மனி" என்று கட்டிப்பிடித்தான். அவனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனவர்களை எண்ணாமல் இருக்க முடியவில்லை. பறை பழகுகிற பெண்கள், படிக்க வந்த பிள்ளைகள், பழைய மிளகாய் மண்டிக்காரர். எல்லோருக்கும் அவன் "அண்ணே" அல்லது "பாய்". என்னை "வெளிநாட்டுலருந்து வந்துருக்காங்க" என்று அறிமுகப்படுத்தினான். டீ கொண்டுவந்தவரிடம் வாய் தவறி ஜெர்மனில் நன்றி சொன்னேன். அவர் சாதிக்கைப் பார்த்துச் சிரித்தார்.

6

கயலின் வேலை பலூன் உடைப்பது. கேலி இல்லை. பெரிய பலூனை ஊதி ஊசியால் குத்தி, அந்தச் சத்தம் கூரையில் எத்தனை நேரம் சுற்றுகிறது என்று கருவியில் பதிவு செய்வாள். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "பாய், உள்ள யாருக்குப் பிறந்தநாளு?" என்று கேட்டார்கள்.

திறப்பு விழாவில் ஒருவர் கவிதை வாசித்தாராம். ஒவ்வொரு வரியும் இரண்டு முறை கேட்டதாம். அதைச் சரிசெய்யத் தென்னைநார்ப் பலகைகளைக் கூரை முழுக்கத் தொங்கவிடப் போகிறார்கள். வியாழக்கிழமை ஆட்கள் வருகிறார்கள். பலகை ஏறிவிட்டால் சத்தம் அடங்கிவிடும். கூரை வழியாக எதுவும் வராது. அந்தக் கல் வெறும் கல்லாகிவிடும்.

"அப்பா, இந்த ரெண்டு கோடியிலயும் என்னமோ வித்தியாசமா வருது. ஒனக்கு ஏதாச்சும் தெரியுமா? நீ இங்கதான இருந்த?"

மூன்று மாதத் தமிழில் என் மகள் என்னிடம் முதன்முதலாக எதையோ கேட்கிறாள், அதுவும் உலகத்தில் எனக்கு மட்டுமே தெரிந்ததை. சொல்லலாம் என்றால் சாதிக் பக்கத்தில் நிற்கிறான். என் அய்யா அவன் அத்தாவை எப்படி விழத்தட்டினார் என்று சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதுமட்டுமா? அதையும் இவன் எடுத்துக்கொள்வான். சாவிக்கொத்தோடு இன்னொரு சாவி. அழிந்தால் என்னோடு அழியட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் ஒரு ருசிகூட இருந்தது.

"எனக்கென்னம்மா தெரியும்? வெங்காயந்தான் தெரியும்" என்றேன்.

7

புதன்கிழமை பிற்பகல். படிப்பகத்தில் நாலு பேர்தான் இருந்தார்கள். கயலும் சாதிக்கும் அந்தக் கோடியில், இருபத்திரண்டாம் தூண் பக்கம், பலகை தொங்கவிட அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏழாம் தூணுக்குப் போனேன். கல் அங்கேயே இருந்தது. கடைசியாக ஒருமுறை என்று உட்கார்ந்து, தலையைத் தூணுக்கு ஒரு சாண் தள்ளி வைத்தேன். உடம்புக்கு அளவு மறக்கவில்லை.

கயலின் குரல் காதுக்குள் விழுந்தது. "மாமா, அப்பா ஏன் ஒரு மாதிரியா இருக்காரு? வந்ததுலருந்து சிரிக்கவே இல்ல."

"அதுவா? வயித்தெரிச்சல்டா கண்ணு."

"என்ன எரிச்சல்? டாக்டர்ட்ட போகணுமா?"

"இது அந்த எரிச்சல் இல்ல. தானாத்தேன் ஆறும்."

எனக்குக் காது சுட்டது. எழுந்துவிட நினைத்தேன். அப்போது சாதிக் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தத் தாழ்த்த இன்னும் தெளிவாகக் கேட்டது.

"என்ன மாப்ள, கேக்குதா?"

நான் தூண் மறைவுக்குள் ஒடுங்கப் பார்த்தேன்.

"ஏழாம் தூணுலதான உக்காந்திருக்க? கேக்குதுன்னா சொல்லு."

"எப்பருந்துடா தெரியும்?" என்றேன். கத்தவில்லை, முணுமுணுத்தேன்.

"கிறுக்குப் பயலே. உங்க அய்யா மூக்கு உறிஞ்சுறது எனக்கு இங்க கேக்கும். எங்க பேச்சு அங்க வந்தா, உங்க பேச்சு இங்க வராதா?"

கம்ப்யூட்டர் படித்தவன், வெளிநாட்டில் வேலை பார்க்கிறவன், இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட இது எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் கேட்கிறோம் என்பதே போதுமானதாக இருந்தது.

"அப்பறம் ஏன்டா உங்கத்தாட்ட சொல்லல?"

"அத்தாவுக்குக் காது மந்தம். எனக்கு மட்டுந்தேன் கேட்டுச்சு. முதல்ல விளையாட்டா இருந்துச்சு. உங்க வீட்டுச் சண்டை பூராம் இங்கதான கேட்டேன். சொன்னா நிறுத்திப்புடுவீகளே. அப்பறம் யாவாரம் படுத்திருச்சு. சொல்லலாம்னு வந்தேன். அன்னைக்குப் பாத்து நீ உங்க அய்யாட்ட பேசிக்கிட்டு இருந்த."

எனக்கு நினைவு வந்துவிட்டது. அவன் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவன் சொன்னான், என் வார்த்தையிலேயே சொன்னான்.

"'சாதிக் மாதிரி வெங்காயச் சருகுல கெடந்து சாகச் சொல்றீங்களா, என்னைய எங்கிட்டாவது அனுப்பி விடுங்க'ன்னு அழுத. சரி, போகட்டும்னு விட்டுட்டேன்."

இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவன், நடுவில் எதுவும் கேட்காமல் நாலு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒனக்கு எரியலையாடா?"

"எரியாம? நாலஞ்சு வருசம் நல்லா எரிஞ்சுச்சு. ஒவ்வொரு வருசமும் போன வேலை முடிஞ்சுச்சான்னு கேட்டேனே, எதுக்குன்னு நெனச்ச? தோத்துப்போயி, எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நீ வந்து நிக்க மாட்டியான்னுதேன். அப்பறம் மார்க்கெட்டையே பூட்டிட்டாய்ங்க. எதுல போயி எரியிறது?"

தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். சாய்த்ததும் குரல் போய்விட்டது, மறுபடி ஒரு சாண் தள்ளினேன். "சாதிக்கு, எனக்குப் பொறாமையா இருக்குடா" என்றேன். "இந்த எடம், இந்தச் சனம், கயலு. எல்லாம் ஒங்கிட்ட இருக்கு."

"மெதுவாச் சொல்லு. புள்ள பக்கத்துல நிக்கிது."

நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் கோடியில் கயல், காதில் விழுவது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் உடைக்காத பலூன்.

வியாழக்கிழமை பலகை ஏறவில்லை. கயல் கணக்குப் போட்டு, இரண்டு கோடிகளுக்கும் இடையில் கூரையின் நடுப்பகுதியை விட்டுவிட்டுப் பக்கங்களில் மட்டும் தொங்கவிடச் சொன்னாள். அதற்கு அடுத்த வாரம் ஆனது. என் அய்யா அந்தக் கல்லில் என்ன செய்தார் என்பதை நான்தான் அவளுக்குச் சொன்னேன், சாதிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அவன் இரண்டு இடத்தில் என்னைத் திருத்தினான்.

8

பிரெமனுக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. சமாதானமாகிவிட்டேன் என்று எழுதினால் பொய். ஆறு மாதம் முடிந்த பிறகும் கயல் இன்னும் மூன்று மாதம் அங்கே இருக்கப் போகிறாளாம், இதையும் சாதிக்கிடம் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள்.

ஏழாம் தூண் கல்லும் இருபத்திரண்டாம் தூணில் புதிதாகப் போட்ட முக்காலியும் இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கிறார்களாம். முகம் பார்த்துச் சொல்ல முடியாததைச் சொல்ல வருகிறார்கள் என்று சாதிக் சொன்னான். மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினார்களாம்.

நேற்று மதியம் சாப்பாட்டு இடைவேளையில் அவனிடமிருந்து ஒரு குரல் பதிவு. பின்னால் பறைச் சத்தம். "மாப்ள, ஒரு பொம்பளப்புள்ள ஒன் கல்லுல ரொம்ப நேரமா உக்காந்திருக்கு. அந்தப் பக்கம் யாருமே இல்ல. சும்மா உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கு. எந்திரிக்கச் சொல்லவா?"

சொல்லு என்று எழுதினேன். அழித்தேன். இருக்கட்டும் என்று எழுதி அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, பத்து நிமிசம் மட்டும் என்று இன்னொன்றும் அனுப்பினேன்.